அந்த ஒன்பது மாதங்களுக்காக

பெருமதிப்பிற்குரிய டேவிட் ஸ்டூவர்ட் ஐயா அவர்களுக்கு,



உங்களுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் இந்த மடலைத் தமிழில்தான் என்னால் எழுத முடியும். உங்கள் கைவேலையால் எனக்குக் கிடைத்தது முழுக்க முழுக்கத் தமிழில் கிடைத்தது. அது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். 11 வருடம் அபர்தீனில் எண்ணெய்த் தொழிலில் பொறியாளராக இருந்தேன். நவம்பர் கடைசியில் நாலு மணிக்குள் இருட்டிவிடும் ஊர் அது. கருங்கல் வீடு ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார். "இன்று அவருடைய நினைவு நாள். தனியாகக் குடிக்கக் கூடாது என்று சொல்வார். கொஞ்ச நேரம் கீழே வந்து உட்காருகிறாயா?" என்றார்.

உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் 'குடி' என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பெரியப்பா ஒருவர் குடியில் நிலத்தை விட்டார், பிறகு உயிரையும் விட்டார். பெரியம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்றுவரை அதை மறக்கவில்லை. குடிக்காத ஒருவர் இந்த மடலைப் படித்துவிட்டுக் குடிக்கத் தொடங்கினால் எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அன்று என்னை அழைத்தது துணைக்கு ஆள் தேடிய ஒரு மூத்த பெண்மணி. மறுக்க மனம் வரவில்லை. போனேன்.

அடியில் அகன்று மேலே குறுகிய சிறு கண்ணாடிக் குவளையில் ஒரு விரல் உயரம் ஊற்றி வைத்தார். நான் கையை நீட்டியதும், "குடிக்காதே. இன்னும் பத்து நிமிடம் குடிக்காதே" என்றார். மோவாய்க்குக் கீழே குவளையைப் பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி, மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவரச் சொன்னார். ஒரேயடியாக மூக்கை நுழைத்தால் சாராயத்தின் காரம் மூக்கைச் சுட்டுவிடும், அப்புறம் எதுவும் தெரியாது என்றார். "என்ன வாசனை வருகிறது?" என்று கேட்டார்.

"விஸ்கி வாசனை" என்றேன்.

"அது பெயர். நான் வாசனையைக் கேட்டேன்." ஆசிரியை அல்லவா, விடுவதாக இல்லை.

தேக்கரண்டியில் தண்ணீர் எடுத்து நாலைந்து சொட்டு விட்டார். குவளையை ஒரு சுற்றுச் சுழற்றி மறுபடி என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் வந்தது. எங்கள் ஆத்தா வீட்டுக் கொல்லையில், விடியற்காலை இருட்டில், பெரிய அண்டாவில் நெல் அவியும் வாசனை. உமி வெந்து, ஆவி எழுந்து, தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி வருமே, அதே வாசனை. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. பாயசத்தில் போடுவதற்காக நெய்யில் விட்ட திராட்சை குண்டு குண்டாக உப்பி வரும் நொடியின் வாசனை. நான் பேசாமல் இருந்தேன். பேச்சு வரவில்லை என்பதுதான் உண்மை. நெல் அவிப்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? வேகவைத்த அரிசி என்றால் அது வேறு. சோறு என்றால் அதுவும் வேறு. கையை ஆட்டி ஆட்டி, அண்டா, உமி, ஆவி என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து போய் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவருடைய கணவர் வைத்திருந்தது. ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு பக்கம். வாசனை இது, சுவை இது, யாரோடு குடித்தோம் என்று எழுதியிருந்தது. கிறிஸ்துமஸ் கேக், ஆரஞ்சு மர்மலேட், ஈரக் கம்பளி, கப்பல் கயிறு. நான் கிறிஸ்துமஸ் கேக்கின் வாசனையோடு வளர்ந்தவன் அல்ல. அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது, அந்த மனிதரும் தன் ஆத்தா வீட்டுக் கொல்லையைத்தான் எழுதியிருக்கிறார் என்று புரிந்தது. "உன் சொல்லைச் சொல்" என்றார் அம்மா. "நெல்" என்றேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்.

புட்டியில் இருந்த பெயர் பால்வேனி டபுள்வுட், 12 ஆண்டு. ஐயா, உங்கள் பெயரை அன்றிரவுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1962இல், 17 வயதில், பால்வேனியைத் தயாரிக்கும் வில்லியம் கிராண்ட் அண்ட் சன்ஸ் நிறுவனத்தில் விஸ்கி இருப்புக் கணக்கு எழுதும் எழுத்தராகச் சேர்ந்திருக்கிறீர்கள். எந்தக் கிடங்கில் எத்தனை பீப்பாய், எந்த ஆண்டுச் சரக்கு என்று பேரேட்டில் ஏற்றும் வேலை. அங்கிருந்து மூத்தவரின் பக்கத்தில் நின்று முகர்ந்து முகர்ந்து கற்று, 1974இல், பீப்பாய்களின் முதிர்ச்சியைத் தீர்மானிக்கும் மால்ட் மாஸ்டர் ஆனீர்கள். நடுவில் 12 ஆண்டு. டபுள்வுட் தன் முதல் பீப்பாயில் இருப்பதும் அதே 12 ஆண்டுதான். தற்செயல்தான், தெரியும். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1980களின் தொடக்கம் உங்கள் நாட்டு விஸ்கிக்கு நல்ல காலம் அல்ல. கிடங்குகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது. 1983இல் போர்ட் எலன், ப்ரோரா போன்ற வடிசாலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. அப்படிப்பட்ட நேரத்தில், அமெரிக்க போர்பன் பீப்பாயில் பல வருடம் முதிர்ந்து, விற்பனைக்குத் தயாராக இருந்த விஸ்கியை எடுத்து, ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் இருந்த வேறொரு பீப்பாய்க்கு மாற்றி, இன்னும் சில மாதம் படுக்க வைத்தீர்கள். களைத்துப்போன பீப்பாயிலிருந்து வேறு பீப்பாய்க்கு மாற்றுவது முன்பே உண்டுதான். ஆனால் இரண்டாவது மரத்தின் குணத்தை வேண்டுமென்றே, அளந்து, கடைசியில் சேர்ப்பது என்பதற்கு உங்களைத்தான் முன்னோடி என்கிறார்கள். பால்வேனி கிளாசிக் என்று முதலில் வந்தது. 1993இல் டபுள்வுட். 1996இல் போர்ட் ஒயின் பீப்பாயில் முடித்த 21 ஆண்டு போர்ட்வுட். இன்று உலகம் முழுக்க ரம், மடெய்ரா, சோதேர்ன் என்று எத்தனை பீப்பாய்களில் விஸ்கியை முடிக்கிறார்கள்! அதன் வேர் நீங்கள் செய்துபார்த்த அந்த மாற்றத்தில் இருக்கிறது.

எங்கள் சமையலறையைத் தெரிந்த யாருக்கும் உங்கள் தொழில் விளங்கும், ஐயா. புது மண்சட்டியை வாங்கி வந்தவுடன் எங்கள் வீட்டில் குழம்பு வைக்க மாட்டார்கள். வடிகஞ்சியை ஊற்றி வைத்து, காய்ச்சி, கொட்டி, திரும்ப ஊற்றி, நாள்கணக்கில் பழக்குவார்கள். பழகின சட்டியில்தான் மீன் குழம்பு மீன் குழம்பாகும். ஸ்பெயினின் ஹெரேஸ் நகரத்தில் ஷெர்ரி பீப்பாய்க்கும் இதையேதான் செய்கிறார்கள். முன்பு ஷெர்ரியைப் பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலேற்றினார்கள், காலியான பீப்பாய் விஸ்கிக்கு வந்தது. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்று ஆனபின் அந்த வழி அடைபட்டது. அதனால் இன்று விஸ்கிக்காகவே பீப்பாய் செய்து, அதில் ஷெர்ரியை ஒன்றிரண்டு வருடம் ஊற்றி வைத்துப் பழக்கி, பிறகு ஸ்காட்லாந்துக்கு அனுப்புகிறார்கள். போர்பன் பீப்பாயின் கதை வேறு. அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிதாகச் செய்து உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் அங்கே மறுபடி போர்பனுக்கு உதவாது. ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் கடல் கடந்து உங்களிடம் வந்து அடுத்த வாழ்க்கையைத் தொடங்குகின்றன.

அமெரிக்க வெள்ளை ஓக் இனிப்பும் வெனிலாவும் கொஞ்சம் தேங்காய் மணமும் கொடுக்கும். ஐரோப்பிய ஓக் துவர்ப்பு கூடியது, கிராம்பும் ஜாதிக்காயும் உலர்ந்த பழமும் அதன் பக்கம். டபுள்வுட் முதல் மரத்தில் 12 ஆண்டுக்குக் குறையாமல் இருக்கிறது, இரண்டாவதில் வெறும் ஒன்பது மாதம். அப்புறம் பெரிய ஓக் தொட்டியில் எல்லாப் பீப்பாயும் ஒன்று சேர்ந்து மூன்று நாலு மாதம் கூடிக் கலக்கிறது. இந்தக் கணக்கைப் படித்த நாளிலிருந்து அந்த ஒன்பது மாதம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஏன் ஆறு இல்லை? ஏன் இரண்டு வருடம் இல்லை?

விடை எனக்கு ரசத்தில் கிடைத்தது. ரசம் நுரைகட்டி இறக்கியாகிவிட்டது, அதன் வேலை முடிந்தது. கடைசியில் கரண்டியில் நெய்யும் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டுகிறோம். அரை நிமிட வேலை. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனுக்கு முதலில் எட்டுவது அந்தத் தாளிப்புதான். கடுகு வெடிக்கும் முன் எடுத்தால் பச்சை வாசனை, ஒரு கணம் தாமதித்தால் கருகல். கைப்பழக்கம் உள்ளவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை, காதும் மூக்கும் சொல்லும். உங்கள் மூக்குக்கு அந்த நாள் தெரிந்திருக்கிறது. மாதிரிகளில் தண்ணீர் சேர்த்து, சாராய அளவை 20 சதவீதம் அளவுக்கு இறக்கி, பெரும்பாலும் மூக்காலேயே தீர்மானிப்பது உங்கள் தொழிலின் வழக்கம். இந்தப் பீப்பாய் போதும், அந்தப் பீப்பாய் இன்னும் மூன்று வாரம் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டிய வேலை. ஒரே கிடங்கில் ஒரே நாளில் நிரப்பிய இரண்டு பீப்பாய்கூட ஒன்றுபோல் முதிராது.

ஒரு மே மாதத்தில், பால்வேனி வடிசாலை இருக்கும் டஃப்டவுனுக்கு வந்தேன். வீட்டுக்கார அம்மாதான் தன் காரில் அழைத்துப் போனார். 1892இல் வில்லியம் கிராண்ட் கட்டத் தொடங்கிய வடிசாலை, அடுத்த ஆண்டு முதல் வடிப்பு. அங்கே பார்லியை இன்றும் தரையில் பரப்பி முளைகட்டுகிறார்கள், ஆட்கள் மரப்பலகையால் புரட்டிப் போடுகிறார்கள். இந்த வேலையில் தோள் கோணிப்போவதற்கு 'குரங்குத் தோள்' என்று ஒரு பெயரே உண்டாம். அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊறவைத்த நெல் மூட்டையைப் பிரித்ததும் வரும் வாசனை அது. விதைநெல் முளைவிடும் சூடு தரையிலிருந்து காலுக்கு ஏறியது. பார்லியும் நெல்லும் பங்காளிகள் என்று அன்று தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அபர்தீன் வீட்டில் எனக்கு அவித்த நெல் மணத்தது வெறும் ஏக்கம் அல்ல. தானியம் தன்னைத்தான் சொல்லியிருக்கிறது.

பீப்பாய்த் தச்சர்கள் வேலை செய்யும் இடத்தில் காது அடைக்கும் சத்தம். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பலகையைப் பலகையோடு இறுக்கி இரும்பு வளையம் ஏற்றுகிறார்கள். கிடங்கு அதற்கு நேர் எதிர்: கல் சுவர், மண் தரை, குளிர், இருட்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சதவீதம் பீப்பாயின் மூச்சாகக் காற்றில் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். கிடங்கின் இருட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் இங்கே வந்தால் பேசவே மாட்டார்" என்றார். நானும் பேசவில்லை.

ஐயா, இப்போது நான் உண்மையாகவே நன்றி சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

அந்த முதல் இரவில் என் மூக்குக்கு இரண்டு வாசனை வந்தது: அவியும் நெல், நெய்யில் உப்பும் திராட்சை. நெல் தானியத்தினுடையது. திராட்சை உங்கள் இரண்டாவது பீப்பாயினுடையது. திராட்சை வந்தபிறகும் நெல் போகவில்லை. இதை எத்தனையோ புட்டிகளுக்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன். இரண்டாம் பீப்பாய் என்ற பெயரில் ஒயினுக்குள் மூழ்கடித்த விஸ்கிகளைக் குடித்திருக்கிறேன். நிறம் செக்கச்செவேல் என்று இருக்கும், முதல் வாயில் ஜாம் மாதிரி இனிக்கும், அடுத்த வாயில் ஒன்றும் இருக்காது. எந்த ஊர், எந்தத் தானியம், எந்தச் செம்பு வாலை என்று சொல்ல அதில் ஏதும் மிஞ்சியிருக்காது. இளைத்த விஸ்கிக்குப் போர்த்திய பட்டு அது. மரம் மாற்றி முடிப்பதே ஏமாற்று வேலை என்று சொல்லும் பழைய ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களை டபுள்வுட்டின் முன் உட்கார வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வேன். தேன் வரும், பேரீச்சம்பழம் வரும், பிறகு லவங்கப்பட்டை, வறுத்த பாதாம், ஈர மரம். எல்லாம் வந்து போனபின், குவளை காலியாகி அரை மணி கழிந்து முகர்ந்தால், அடியில் தானியம் உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவைத்ததற்காகத்தான் இந்த நன்றி. அந்த ஒன்பது மாதத்தோடு நிறுத்தியதற்காக.

தண்ணீர் விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் கணினியில் ஆராய்ந்து காட்டினார்கள். குவையகால் என்ற மணப்பொருள், சாராயம் அதிகமாக இருந்தால் உள்ளே அமிழ்ந்து கிடக்கிறதாம், தண்ணீர் சேர்ந்து சாராயம் குறைந்தால் மேற்பரப்புக்கு வருகிறதாம். அந்தச் செய்தியை அம்மாவிடம் சொன்னேன். "இதற்குக் கணினி வேண்டுமா? தேக்கரண்டி போதுமே" என்றார்.

நான் இப்போது ஓசூரில் இருக்கிறேன். ஒரு மணி நேரப் பயணத்தில் பெங்களூரு. அங்கே அம்ருத் என்ற நிறுவனம் 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை முதன்முதலாக உங்கள் கிளாஸ்கோவில்தான் வெளியிட்டது. எங்கள் வெயிலில் தேவதைகளின் பங்கு ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டிவிடும், உங்கள் 12 ஆண்டு முதிர்ச்சிக்கு இங்கே பீப்பாயே வற்றிவிடும். நாலைந்து ஆண்டில் முடிக்க வேண்டும். அந்த அவசரத்துக்குள்ளும் அவர்கள் போர்பன் பீப்பாயிலிருந்து ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றி, மறுபடி போர்பன் பீப்பாய்க்கே கொண்டுவரும் ஒரு வழியைச் செய்து பார்த்தார்கள். அதைக் குடித்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன். டஃப்டவுனின் குளிரில் நீங்கள் போட்ட விதை இந்த வெயிலிலும் முளைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேன், அது தை மாதப் பனியையும் சித்திரை வெயிலையும் ஒப்பிடுவது போல.

2016இல் உங்களுக்குப் பிரிட்டனின் எம்.பி.ஈ. விருது கிடைத்தபோது அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னார், தன் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது போல. 2022இல், 60 ஆண்டு வேலைக்குப் பிறகு, பால்வேனியைக் கெல்சி மெக்கெக்னி என்ற இளம்பெண்ணிடம் ஒப்படைத்தீர்கள் என்று படித்தபோது, அதைச் சொல்ல எனக்கு அம்மா இல்லை. அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே போய்விட்டார்.

சில மாதம் கழித்து அவருடைய மகள் எனக்கு ஒரு பொட்டலம் அனுப்பினார். உள்ளே அந்த நோட்டுப் புத்தகம். நான் ஊருக்குத் திரும்பிய பிறகும் அம்மா ஒவ்வொரு நினைவு நாளிலும் அதே டபுள்வுட்டைத் திறந்து எழுதியிருக்கிறார். தேதி, பிறகு அவருடைய சொற்கள்: தேன், கேக், பழத்தோட்டம். அவற்றுக்குக் கீழே எல்லா வருடமும் ஆங்கில எழுத்தில் என் சொல். அவருக்கு அவியும் நெல்லின் வாசனை எப்படி இருக்கும் என்று தெரியாது, அவர் நெல் வயலைப் பார்த்ததும் இல்லை. இருந்தும் எனக்காக அதைத் தேடி முகர்ந்திருக்கிறார். இரண்டு வருடம் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது. மூன்றாம் வருடத்திலிருந்து கேள்விக்குறி இல்லை.

போன மாதம் அந்த நினைவு நாள் வந்தது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள், அவள் குடிப்பதில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தாள். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். "அவல் இடிக்கிற வாசனை வருதுங்க" என்றாள். அடுத்த பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன், தமிழ் எழுத்தில்.


ஓசூரிலிருந்து, உங்கள் அன்பன்